மாடியில் சங்கம், கீழே வாடகைக் கடை: மென்டொசீனோவின் லாட்ஜ் மண்டபம்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: கலிபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில் மென்டொசீனோ என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு வங்கியின் கூரை உச்சியில், சிறகு முளைத்த கிழவர் ஒருவர் ஒரு பெண்ணின் கூந்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் வெள்ளைச் சிலை இருக்கிறது. கட்டிடம் பழைய ஃப்ரீமேசன் லாட்ஜ், அதாவது ஃப்ரீமேசன் என்ற சங்கத்தின் கிளை மண்டபம் என்கிறார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு இவ்வளவு பெரிய ரகசியச் சங்கக் கட்டிடம் எதற்கு? உள்ளே அப்படி என்னதான் செய்தார்கள்?

முதலில் ஒரு விஷயம். இந்த மாதிரிக் கட்டிடங்களைப் பற்றி யார் கேட்டாலும் ரகசியத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த மண்டபங்களை எழுப்பியதும் நிற்க வைத்ததும் ரகசியமில்லை; நோய், சாவு, வாடகை இந்த மூன்றும்தான். அமெரிக்கச் சிற்றூர்களில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பெரும்பாலான லாட்ஜ் மண்டபங்களுக்கு இது பொருந்தும். மென்டொசீனோவை வைத்தே சொல்கிறேன். ஏனென்றால் அந்த ஊர் பிறந்த கதையே விசித்திரமானது, அதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

1844இல் பால்டிமோரில் ‘ஃப்ராலிக்’ என்ற பாய்மரக் கப்பலைக் கட்டினார்கள். அதன் வேலை பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் கொண்டுபோவது. சில வருடங்களிலேயே நீராவிக் கப்பல்கள் அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டதால், ஃப்ராலிக்கில் சீனச் சரக்கை ஏற்றி, தங்க வேட்டையால் திமிறிக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். 1850 ஜூலையில், போக வேண்டிய இடத்துக்கு வெகு வடக்கே, பாறையில் மோதி உடைந்தது. சரக்கை மீட்க முடியுமா என்று பார்க்க, மர வியாபாரி ஹென்றி மெய்க்ஸின் ஆளான ஜெரோம் ஃபோர்டு அடுத்த வருடம் அங்கே போனார். பட்டும் பீங்கானும் அதற்குள் அந்த மண்ணின் மக்களான போமோ இனத்தார் கைக்குப் போயிருந்தன. சரக்கு கிடைக்கவில்லை, ஆனால் கடற்கரையை ஒட்டி நின்ற ரெட்வுட் காட்டைப் பார்த்தார்கள். சான் பிரான்சிஸ்கோவோ கட்டுவதும் தீப்பிடித்து எரிவதும் மறுபடி கட்டுவதுமாக மரத்தை விழுங்கிக்கொண்டிருந்த ஊர். 1852இல் மர ஆலை வந்தது. ஊரும் வந்தது. (மெய்க்ஸ் 1854இல் பெருங்கடனும் மோசடிப் புகாருமாக நாட்டைவிட்டே ஓடி, பிறகு பெருவில் ரயில் பாதை போட்டுப் பெரிய மனிதரானது தனிக் கதை.)

ஆலைக்கு வந்தவர்களில் பலர் மெய்ன் போன்ற வடகிழக்கு மாநிலங்களையும் கனடாவின் கிழக்குக் கரையையும் சேர்ந்தவர்கள். பசிபிக் கரையில் இருந்தாலும் மென்டொசீனோவின் வீடுகள் நியூ இங்கிலாந்து ஊர் மாதிரி இருப்பது அதனால்தான். மற்றவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பெரும்பாலும் தனி ஆண்கள். அப்பா அம்மா கிடையாது, பங்காளி கிடையாது, காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் கிடையாது. வேலையோ மரம் வெட்டுவது, அறுப்பது, பாறைக்கும் அலைக்கும் நடுவே நிற்கும் கப்பலுக்குச் சரிவுப் பாதை வழியாகப் பலகையைச் சறுக்கி இறக்குவது. விரல் போவது சாதாரணம், உயிர் போவதும் அபூர்வமில்லை. கலிபோர்னியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 1910களில்தான். அதற்கு முன் கை போனால் அன்றோடு கூலியும் போயிற்று.

இந்த இடத்தில்தான் லாட்ஜ் நுழைகிறது. தங்கும் விடுதியைச் சொல்லவில்லை. சகோதர சங்கத்தின் கிளையைச் சொல்கிறேன். மேற்கே போன அமெரிக்கர்கள் கோடாரியோடு லாட்ஜையும் கொண்டுபோனார்கள் என்றே சொல்லலாம். ஆட் ஃபெலோஸ் என்ற இன்னொரு சகோதர சங்கத்தின் கலிபோர்னியா முதல் கிளை 1849 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. மேசன்களின் (ஃப்ரீமேசன்களைச் சுருக்கமாக அப்படித்தான் சொல்வார்கள்) மாநிலத் தலைமைச் சபை 1850 ஏப்ரலில் சாக்ரமென்டோவில் கூடி அமைந்தது. கலிபோர்னியா அமெரிக்காவின் மாநிலமாக ஆனது அந்தச் செப்டம்பரில்! மாநிலத்துக்கு முன்பே சங்கம் வந்துவிட்டது. அறிமுகமில்லாத ஊரில் இறங்கும் ஒருவன், தன் பழைய ஊர்க் கிளை தந்த சான்றையும் அந்த வருடத்துக் கடவுச்சொல்லையும் சொன்னால் போதும். அன்று மாலையே அவனுக்குத் தெரிந்தவர்கள் இருபது பேர். இந்த ஏற்பாடு கடல் கடந்தும் வேலை செய்தது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களில் திருச்சியில் மேசனாகச் சேர்ந்தார் என்றால், வலை எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்டொசீனோ மேசன் கிளையின் எண் 179. மண்டபத்தை 1860களின் நடுவில் தொடங்கி 1870களின் ஆரம்பத்தில் முடித்தார்கள். கட்டியவர் எரிக் ஆல்பர்ட்சன்; மரவேலைக்காரர், அந்தக் கிளையின் முதல் தலைவரும் அவரே. உச்சியில் இருக்கும் சிலையும் அவர் கையால் செதுக்கியதுதான், ஒரே ரெட்வுட் மரத்தில். ரெட்வுட் எளிதில் உளுக்காது, பூச்சியும் அவ்வளவாக அண்டாது. உப்புக்காற்றும் மூடுபனியும் அடிக்கும் கரையில் ஒரு மரச்சிலை நூறு வருடத்துக்கு மேல் நிற்பதற்கு அதுதான் காரணம். வெள்ளைச் சாயமும் ஓரளவு.

சிலையில் இருப்பவை: சிறகுள்ள கிழவர், அவர்தான் காலம். முன்னால் நிற்கும் பெண்ணின் கூந்தல் சிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார். பெண்ணுக்கு முன்னே பாதியில் உடைந்த தூண். கையில் வேல மரத்தின் இனமான அகேசியாக் கிளையும் அஸ்திக் கலசமும். இது ஆல்பர்ட்சன் கற்பனை இல்லை. ஜெரமி கிராஸ் என்பவர் 1819இல் வெளியிட்ட மேசன் கையேட்டில் இந்தப் படம் அச்சாகியிருக்கிறது. அதிலிருந்து அமெரிக்கா முழுவதும் பரவியது. மேசன்களின் மூன்றாம் படிச் சடங்கு, சாலமோன் கோயிலைக் கட்டிய சிற்பி வேலை முடியும் முன் கொல்லப்பட்ட கதையைச் சுற்றி அமைந்தது. உடைந்த தூண் முடியாத வேலை, கிளை அவர் புதைகுழியின் அடையாளம், கலசம் அவர் நினைவு. பொறுமையும் விடாமுயற்சியும் இருந்தால் காலம் எந்தச் சிக்கையும் எடுத்துவிடும் என்பது கூந்தலுக்குச் சொல்லப்படும் விளக்கம். ஆக, ‘ரகசிய’ சங்கம் தன் உயர்ந்த பாடத்தைக் கொண்டுபோய்க் கூரை மேல், ஊரே பார்க்கும்படி வைத்திருக்கிறது. ரகசியம் எவ்வளவு ரகசியம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்த ரகசியத்துக்குப் பயந்த காலமும் இருந்தது. 1826இல் நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் மார்கன், மேசன் சடங்குகளை அச்சில் போடப்போவதாகச் சொன்னார். அப்புறம் ஆளையே காணவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு அரசியல் கட்சியே உருவாகி, 1832 குடியரசுத் தலைவர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை வென்றது. பல ஊர்களில் லாட்ஜ்கள் மூடிக்கிடந்தன. மென்டொசீனோ மண்டபம் எழும் காலத்துக்குள் அந்தச் சூடு ஆறிவிட்டிருந்தது.

சரி, உள்ளே என்ன? இந்த மாதிரி மண்டபங்களின் பொது அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட்டக்கூடம் மாடியில் இருக்கும். படியேறியதும் ஒரு முன்னறை. அங்கே காவலுக்கு ஒருவர். கதவில் சின்னப் பார்வைத் துளை. உள்ளே ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும், இல்லையென்றால் மறைப்புப் போட்டிருக்கும். கூடத்தின் நடுவே பைபிள் வைத்த பீடம். மேசன் கூடத்தில் கிழக்கே தலைவர், மேற்கிலும் தெற்கிலும் அவருக்கு அடுத்த இருவர். வடக்கில் அதிகாரி யாரும் உட்காருவதில்லை. புதிதாகச் சேர விரும்புபவருக்கு வெள்ளைப் பந்து, கறுப்புப் பந்து போட்டு வாக்களிப்பார்கள். பொதுவாக ஒரே ஒரு கறுப்புப் பந்து விழுந்தால் போதும், ஆள் வெளியே. சின்ன ஊரில் இது என்ன மாதிரி வன்மங்களை வளர்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்துக்கு வருவோம், அதுதான் சாரம். மேசன்களிடம் உதவி என்பது தர்மம்; கஷ்டப்படும் சகோதரனுக்குப் பார்த்துச் செய்வார்கள், கணக்கு கிடையாது. ஆட் ஃபெலோஸில் அது உரிமை. 1819 ஏப்ரல் 26 அன்று, இங்கிலாந்திலிருந்து குடியேறி வண்டி வில் செய்துகொண்டிருந்த தாமஸ் வைல்டியும் இன்னும் நான்கு பேரும் பால்டிமோரில் ஒரு மதுக்கடையில் கூடி அமெரிக்க ஆட் ஃபெலோஸைத் தொடங்கினார்கள். நோயாளியைப் பார், துயரில் இருப்பவனைத் தேற்று, இறந்தவனை அடக்கம் செய், அநாதைக்குக் கல்வி கொடு: இந்த நான்குதான் கட்டளை. சந்தாவை ஒழுங்காகக் கட்டிய உறுப்பினர் படுத்துவிட்டால் வாரப் பணம் வரும். இறந்தால் அடக்கச் செலவு சங்கத்துடையது. இரவில் நோயாளியின் பக்கத்தில் உட்கார முறை வைத்து ஆள் அனுப்புவார்கள். முறையைத் தட்டிக்கழித்தால் பல கிளைகளில் அபராதம். மலேசியத் தோட்டங்களில் தமிழர்கள் வைத்திருந்த மரண சகாய நிதிச் சங்கம் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் எலும்புக்கூடு உடனே புரியும். மென்டொசீனோவிலும் மேசன் மண்டபத்துக்குப் பிறகு 1870களில் ஒரு ஆட் ஃபெலோஸ் மண்டபம் வந்தது. ஆலைத் தொழிலாளியின் கண்ணில் அதன் மதிப்பு சிலை வைத்த மண்டபத்தைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இப்படி ஒரு கிளைக்கு நிலையான இடம் வேண்டும்; இடத்துக்குப் பணம் வேண்டும். அங்கேதான் அந்த இரண்டு மாடி வடிவம் பிறந்தது. பல ஊர்களில் லாட்ஜ்காரர்கள் ‘மண்டபச் சங்கம்’ என்று தனியாக ஒரு கம்பெனி போட்டு, உறுப்பினர்களிடமே பங்கு விற்று, கடைத்தெருவில் மனை வாங்கினார்கள். கீழ்த்தளத்தை மளிகைக்கோ மருந்துக்கடைக்கோ தபால் நிலையத்துக்கோ வங்கிக்கோ வாடகைக்கு விட்டார்கள். மேலே தாங்கள். ஒட்டுக்கேட்பவனுக்கு எட்டாத உயரம் என்று சடங்கு நூல்கள் மாடிக்குக் காரணம் சொல்லலாம். கடைத்தெருவில் கீழ்த்தளம்தான் காசு என்பது அதைவிட எளிய காரணம். மாடியிலும் ஒரே சங்கம் இருக்காது. திங்களன்று ஒன்று, செவ்வாயன்று இன்னொன்று, வேறொரு நாள் பெண்கள் பிரிவு என்று உள்வாடகை போகும். நடனம், நாடகம், சில ஊர்களில் தேர்தல், பள்ளிக்கூடம்கூட அங்கேதான். அதனால் ஊர் வரலாற்றில் நீதிமன்றத்துக்கும் தேவாலயத்துக்கும் அடுத்தபடி அடிக்கடி வருகிற பெயர் லாட்ஜ் மண்டபம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் இது ஒரு வெள்ளம். 1868இல் பென்சில்வேனியாவில் மீட்வில் என்ற ஊரில் ஜான் அப்சர்ச் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சகோதர சங்கம், யாராவது இறந்தால் ஆளுக்கு ஒரு டாலர் வசூலித்து விதவைக்குக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான சங்கங்கள் முளைத்தன. 1897இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை, சுமார் 1.9 கோடி வயதுவந்த ஆண்களில் 54 லட்சம் உறுப்பினர்கள் என்று கணக்குப் போட்டது. ஒருவரே மூன்று நான்கில் இருப்பார் என்பதால் அதை அப்படியே தலைக்கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பெரிய எண்தான். சில சங்கங்கள் டாக்டரையே ஒப்பந்தம் செய்துகொண்டன: உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு டாலர், எத்தனை முறை வந்தாலும் அதே. வெளியே ஒரு தடவை டாக்டரைப் பார்க்கவே அவ்வளவு ஆகும். மருத்துவர் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்து, லாட்ஜ் வேலை பார்த்த டாக்டர்களை ஒதுக்கிவைத்ததில் ஆச்சரியமில்லை.

வேடிக்கையும் இருந்தது. இல்லினாய் மாநிலத்தில் கிரீன்வில் என்ற சிற்றூரில் டிமூலின் சகோதரர்கள் 1892இல் ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். புதிதாகச் சேர்பவனைத் துள்ளிக் குலுக்கும் சக்கர ஆடு, உட்கார்ந்தால் சரிந்து விழும் நாற்காலி, ஷாக் அடிக்கும் சாமான் என்று லாட்ஜ்களுக்குக் கேட்லாக் போட்டு விற்றார்கள். அந்தச் சந்தை வற்றியதும் இசைக்குழுச் சீருடைக்கு மாறிய அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது. ஆட் ஃபெலோஸ் மண்டபங்களில் சாவை நினைவூட்ட ஒரு எலும்புக்கூட்டை வைத்திருப்பார்கள். சில இடங்களில் நிஜ எலும்புக்கூடு. இப்போது பழைய மண்டபத்தை வாங்குபவர் சுவரை உடைக்கும்போது பெட்டிக்குள் அதைப் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவது அவ்வப்போது செய்தியாகிறது.

யாருக்கு இடம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘சகோதரத்துவம்’ வெள்ளை ஆண்களோடு நின்றது. கறுப்பின மக்கள் தங்கள் சங்கங்களைத் தாங்களே கட்டினார்கள். பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் 1775இல் பிரிட்டிஷ் படையினரின் லாட்ஜ் ஒன்றில் மேசனாகி, 1784இல் நேராக லண்டனிலிருந்து உரிமைப் பத்திரம் பெற்றார். அமெரிக்க ஆட் ஃபெலோஸ் சேர்க்க மறுத்ததால், பீட்டர் ஆக்டன் 1843இல் இங்கிலாந்துச் சங்கத்திடமிருந்து தனி அனுமதி வாங்கி நியூயார்க்கில் கிளை தொடங்கினார். ரிச்மண்டில் மேகி வாக்கர் ஒரு சகோதர சங்கத்தின் தலைமையில் இருந்துகொண்டே 1903இல் வங்கியே திறந்துவிட்டார். பெண்களுக்கு ஆட் ஃபெலோஸ் 1851இல் ‘ரெபெக்கா’ என்ற பிரிவைத் தந்தது, ஓரளவு. 1867இல் தொடங்கிய விவசாயிகளின் கிரேஞ்ச் சங்கம்தான் ஆரம்பத்திலிருந்தே பெண்களைச் சம உறுப்பினர்களாகச் சேர்த்தது. மென்டொசீனோவில் இருந்த சீனர்களுக்கோ குவான் டாய் கோயில் இருந்தது. சிவப்பும் பச்சையுமாக, ஒரு அறை அளவே உள்ள மரக்கோயில்; இன்றும் பார்க்கலாம். குவான் டாய் உறுதிமொழி எடுத்த சகோதரர்களின் தெய்வம். ஊரில் சகோதர அமைப்புக் கட்டிடங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் அதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

வீழ்ச்சியின் விதை அந்த ஒரு டாலர் கணக்கிலேயே இருந்தது. இளைஞனும் கிழவனும் ஒரே தொகை கட்டும் ஏற்பாடு, சங்கம் இளமையாக இருக்கும்வரைதான் ஓடும். உறுப்பினர்களுக்கு வயதாக ஆக, சாவு வசூல் அடிக்கடி வரும், இளைஞர்கள் விலகுவார்கள், மிஞ்சியவர்கள் மேல் சுமை இன்னும் ஏறும். வயதுக்கு ஏற்ற கட்டணத்துக்கு மாறிய சங்கங்கள் காப்பீட்டு நிறுவனங்களாகவே ஆகிவிட்டன, மாறாதவை மூழ்கின. 1910களில் முதலாளிகளே குழுக் காப்பீடு எடுக்கத் தொடங்கினார்கள். அப்புறம் சினிமா, கார், ரேடியோ. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது சந்தா கட்டக் காசில்லை, உதவி கேட்பவரோ அதிகம். 1935இல், முதியோருக்கு அரசே ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டம். சினிமா வந்ததால்தான் லாட்ஜ் செத்தது என்று பலர் எழுதுகிறார்கள். பொழுதுபோக்கு மட்டும் போயிருந்தால் அவை தாங்கியிருக்கும். சாவுப் பணத்துக்கு வேறு வழி கிடைத்ததுதான் அடி.

மென்டொசீனோவுக்குக் கூடுதல் அடி: 1938இல் ஆலையே மூடிவிட்டது. ஊர் கிட்டத்தட்ட உறங்கிப்போனது. அதனால்தான் கட்டிடங்கள் பிழைத்தன என்பது வேறு விஷயம். இடித்துக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. 1959இல் பில் ஸாகா என்ற ஓவியர் அங்கே ஒரு கலை மையத்தைத் தொடங்க, ஓவியர்களும் பின்னாலேயே சுற்றுலாக்காரர்களும் வந்தார்கள். 1971இல் ஊரும் கடல்முனையும் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறின. ஆட் ஃபெலோஸ் மண்டபம் ஓவியக் கூடமாயிற்று. மேசன் மண்டபத்தில் வங்கி. பணத்துக்காக எழுந்த ஏற்பாடு பணக்கடையிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது, அதில் நான் குறை காணவில்லை. கீழ்த்தளத்துக்கு ஒழுங்காக வாடகை தருபவர் கிடைத்த ஊர்களில்தான் இந்த மண்டபங்கள் இன்றும் கூரையோடு நிற்கின்றன.

வேறு ஏதாவது ஊரின் லாட்ஜ் மண்டபத்தைத் தோண்டிப் பார்க்க நினைத்தால், ஊர்க்கதைகளை நம்பி இறங்காதீர்கள். 1867 முதல் தீக் காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களைப் பாருங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அவற்றில் ஏராளமானவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டிடம் கட்டிடமாகக் கீழே என்ன கடை, மேலே எந்த லாட்ஜ், சுவர் செங்கல்லா மரமா என்று குறித்திருப்பார்கள். மாவட்டப் பத்திரப் பதிவில் மனை யார் பெயரில் இருந்தது, எப்போது அடமானம் போனது என்று கிடைக்கும். மாநிலத் தலைமைச் சபைகள் ஆண்டுதோறும் அச்சிட்ட அறிக்கைகளில் ஒவ்வொரு கிளையின் உறுப்பினர் எண்ணிக்கையும், ஆட் ஃபெலோஸ் என்றால் நோயாளிக்கும் விதவைக்கும் கொடுத்த தொகையும் இருக்கும். என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள்: மூன்று வளையச் சங்கிலி இருந்தால் ஆட் ஃபெலோஸ், மூலைமட்டமும் காம்பஸும் இருந்தால் மேசன், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை வடிவில் கல் நின்றால் பெரும்பாலும் வுட்மென் என்ற இன்னொரு சகோதர சங்கம். மண்டபத்தின் அடிக்கல்லில் 5866, 5872 என்று ஆண்டு பொறித்திருந்தால் குழம்ப வேண்டாம். மேசன்கள் உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள், 4000ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.